மூன்று கட்டங்கள்

ஆக்ஸிஜன் சிலிண்டர்களை வாடகைக்கு விடும் அந்த வீட்டில் போனை எடுப்பது அக்காவின் வேலை. பதினாறு வருஷமாக வேறு யார் கையும் அந்தப் போனைத் தொட்டதில்லை. கடை சிலிண்டர்காரருடையது, அவள் அவருடைய மனைவி. ஆனால் எண்பது வயதுக் கிழவர்கூட "அக்கா, காத்து தீரப்போகுதுக்கா" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அவள் யாருடைய பெயரையும் கேட்டதில்லை. குரலைக் கேட்டால் போதும். குரல் பிடிபடாவிட்டால் குரலுக்குப் பின்னால் கேட்கும் சத்தம் போதும்.

கறுப்பு அட்டை போட்ட நோட்டில் வாடிக்கை வீடுகள் அப்படித்தான் ஏறியிருந்தன. நாய் வீடு. இரும்புப் படி. எப்போதும் மதியம் இரண்டு மணிக்கே போன் செய்யும் ஒரு வீட்டுக்கு 'ரெண்டு மணி' என்றே பெயர். பாட்டு வீடு என்று ஒன்று. அங்கே ஓர் அம்மாள் பேசும்போது பின்னால் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். எதிரில் போன் எண், அவ்வளவுதான். வழியெல்லாம் டெலிவரிக்காரன் தலைக்குள் இருந்தது. எந்நேரமும் இடுப்பில் ஸ்பானர் தொங்குவதால் அவனை ஸ்பானர் என்றே கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டிய ஆள். ஒரு வாசலைப் பார்த்துவிட்டால் மறக்கமாட்டான். தெருவின் பெயரைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பான். "பாட்டு வீட்டுக்கு ஒரு பெருசு" என்று அக்கா சொன்னால் பெரிய சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவான். பதினாறு வருஷத்தில் ஒரு சிலிண்டர்கூட வீடு மாறிப் போனதில்லை. அதில் அக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் சிலிண்டர்காரருக்கு வெப்சைட் ஆசை வந்தது. அடுத்த தெருவில் சக்கர நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் ஒன்று வைத்துவிட்டானாம். அதற்குப் பிறகு மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய தங்கை மகள் வெப்சைட் கட்டுவதையே தொழிலாகச் செய்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பெரிய வெள்ளைத் தாளும் கலர் கலராக ஒட்டுச் சீட்டும் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் இருந்த வெங்காயத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த மேசை முன்னறையில் கிடந்தது. மூன்று பக்கச் சுவரிலும் சிலிண்டர்கள் சங்கிலியில் கட்டப்பட்டு நின்றன. ஒரு பக்கம் நிரம்பியவை, எதிர்ப்பக்கம் காலி. நடுவில் உட்கார்ந்துதான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது, கணக்குப் பார்த்தது, சண்டை போட்டது.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க அத்தை. இந்தப் பக்கத்தைத் திறக்கறது யாரு?"

"யாரு திறப்பா? சிலிண்டர் வேணுங்கறவன் திறப்பான்" என்றாள் அக்கா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"திறக்கும்போது அவங்க எப்படி இருப்பாங்க? கண்ணு முதல்ல எதைத் தேடும்? எத்தனை தடவை தட்டினா அலுத்துப்போய் மூடிடுவாங்க? அதையெல்லாம் வச்சுத்தான் எது மேல, எது கீழன்னு முடிவு பண்ணணும்."

"மேல என் போட்டோ" என்றார் சிலிண்டர்காரர். "கோட்டு போட்டு எடுத்தது ஒண்ணு இருக்கு. அதுக்குக் கீழ நம்ம வரலாறு."

"என்ன வரலாறு? ஓட்டை வண்டியில ரெண்டு சிலிண்டரோட ஆரம்பிச்சு, மூணாம் நாளே வண்டி கவுந்த வரலாறா?"

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு மஞ்சள் சீட்டில் 'மாமா போட்டோ' என்று எழுதி ஒட்டினாள். பிறகு பச்சைச் சீட்டை எடுத்து, "இதுலயே ஆர்டர் பண்ற மாதிரியும் வச்சுடலாம்" என்றாள்.

அக்காவின் கத்தி நின்றது. "இதுலயே ஆர்டர் வந்துடுமா? அப்போ போனு?"

"போனும் இருக்கும் அத்தை."

அந்த 'போனும்' அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பதினாறு வருஷம் போன் மட்டுமே இருந்தது. இப்போது அதுவும் இருக்குமாம். அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வெங்காயம் மட்டும் பொடிப்பொடியாக விழுந்தது.

"ஆர்டர் பண்றவங்க நிரப்பற மாதிரி கட்டம் போடணும். என்னென்ன கேக்கலாம்? பேரு..."

"பேரு இருந்துட்டுப் போகட்டும். என்ன வேணும், எப்போ வேணும். அவ்வளவுதான்."

"போன் நம்பர்? அட்ரஸ்?"

"நம்பரை நான் என்னிக்குடி கேட்டேன்? அடிக்கும்போதே போன்ல விழுந்துடுதே. வழி ஸ்பானருக்குத் தெரியும்."

"இது போன் இல்ல அத்தை. இதுல தானா எதுவும் விழாது."

"மூச்சு வாங்கறவன்கிட்ட ஏழு கேள்வி கேட்டா, ஏழாவது கேள்விக்குள்ள அவன் போய்ச் சேந்துடுவான். இந்தத் தொழில் உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? மூணு கட்டம் போதும். போடு."

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இப்போதைக்கு மூணு. இது சும்மா ஒத்திகைதான். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. வியாழக்கிழமை வந்து மீதியைப் பேசி முடிச்சுக்கலாம்" என்று சொல்லி, மூன்று கட்டத்தோடு ஒரு பக்கத்தைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

சிலிண்டர்காரருக்கு வியாழக்கிழமைவரை பொறுக்கவில்லை. திங்கட்கிழமையே அச்சகத்துக்குப் போய், வெப்சைட் விலாசத்தைச் சிவப்பு எழுத்தில் போட்டு இருநூறு ஸ்டிக்கர் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். செவ்வாயும் புதனும் வெளியே போன ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்துக்குக் கீழேயும் தன் கையாலேயே ஒட்டினார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றால் ஒட்டக்கூடாது என்றும் அர்த்தம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அக்கா பார்த்தாள். தடுக்கவில்லை. யார் அதைத் திறக்கப்போகிறார்கள் என்ற எண்ணம்தான்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்தே காற்று அசையவில்லை. மேகம் மூடிக்கொண்டு, மழையும் பெய்யாமல் ஒரே புழுக்கம். புழுக்கம் ஏறினால் போனும் ஏறும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் வானத்தைப் பார்த்தே அன்றைய வேலையைச் சொல்லிவிடுவார்கள். பத்து மணிக்குள் ஒன்பது அழைப்பு. ஸ்பானர் இரண்டாவது நடை போயிருந்தான். அக்கா ஒரு காதில் போனும் ஒரு கையில் கரண்டியுமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ அழைப்பில் யாரும் பேசவில்லை. "ஹலோ" என்றாள். கரகரவென்று ஒரு சத்தம், காற்றடிக்கும் இடத்திலிருந்து பேசுவதுபோல. "ஹலோ, யாருங்க?" நோட்டில் இல்லாத எண். அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. நாலு தடவை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, "வேலைவெட்டி இல்லாததுங்க" என்று திட்டிப் போனை வைத்தாள். அடுத்த அழைப்பு வந்தது, அதோடு அதை மறந்தும் போனாள்.

மருமகள் வரும்போது மணி பன்னிரண்டு நாற்பது. முகத்தைக் கழுவிக்கொண்டு, ரொட்டியில் முட்டையை வைத்துக் கடித்தபடியே கணினியைத் திறந்தாள். "ஆர்டர் வந்தா போய்ச் சேருதான்னு ஒரு தடவை பாத்துடலாம்" என்று கடையின் புது மெயிலுக்குள் போனாள். ரொட்டி வாயிலேயே நின்றது.

"அத்தை, நீங்க யாராச்சும் இதை அமுக்கி விளையாடினீங்களா?"

"எனக்கு அதைத் திறக்கவே தெரியாதே. ஏன்?"

"மூணு ஆர்டர் வந்திருக்கு. மூணும் ஒரே ஆளு. பதினொண்ணு அஞ்சு, பதினொண்ணு ஏழு, பதினொண்ணு பன்னெண்டு."

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். பெயர் என்ற கட்டத்தில், எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் ஒரு பெயர். என்ன வேண்டும்: 'பெரிய சிலிண்டர்.' எப்போது வேண்டும்: 'உடனே. முள் சிவப்பில்.'

மூன்றாவதில் 'உடனே' மட்டும் இருந்தது.

அளவுமானியில் முள் சிவப்பைத் தொட்டால் என்ன கணக்கு என்பது அவளுக்கு மனப்பாடம். காற்றைக் குறைத்து வைத்திருந்தால் மூன்று மணி நேரம். கூட்டி வைத்திருந்தால் ஒன்றரை. பதினொன்று ஐந்துக்கே முள் சிவப்பில் இருந்திருக்கிறது. இப்போது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

"யாருடி இது?"

"அதைத்தான் நான் கேக்கறேன். பேரைப் பாத்தா தெரியலையா?"

அக்கா நோட்டைப் புரட்டினாள். நாய் வீடு, பச்சைக் கதவு, வக்கீல் அம்மா, இரும்புப் படி. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நோட்டு முழுக்க ஒரு மனிதனின் பெயர்கூட இல்லை. அது அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது.

"எதுக்கு மூணு தடவை அனுப்பியிருக்கார்?" என்று சிலிண்டர்காரர் கேட்டார். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

"அமுக்கினா வந்துடுச்சுன்னு பக்கம் எதுவும் சொல்லாது மாமா. அதை நான் இன்னும் போடல. போச்சா இல்லையான்னு தெரியாம திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கார்." அவள் கண் கலங்கிவிட்டது. "ஒத்திகைன்னு சொன்னேனே. எப்படி அவருக்குக் கிடைச்சுது?"

சிலிண்டர்காரர் மேசைமேல் மீதமிருந்த ஸ்டிக்கர் கட்டைப் பார்த்தார். திட்டுவதற்கு நேரமில்லை.

பெரிய சிலிண்டர் இருபத்து மூன்று வீட்டில் நின்றது. அக்கா முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். "காத்து இருக்கா? முள்ளு எங்க நிக்குது? சரி, வைங்க." அடுத்தது. அடுத்தது. சிலர் பேச்சை வளர்த்தார்கள். அவர்கள் பேசப் பேசவே போனை வைத்தாள். பத்தொன்பது வீடு எடுத்தது. நாலு வீடு எடுக்கவில்லை. நாய் வீடு, இரும்புப் படி, ரெண்டு மணி, பாட்டு வீடு.

"நாலும் நாலு மூலைல இருக்கு" என்றான் ஸ்பானர், சிலிண்டர்காரரின் போனில். வண்டியைச் சாலையோரம் நிறுத்தியிருந்தான். "வண்டியில ரெண்டு பெருசு இருக்குக்கா. எந்தப் பக்கம் திரும்பட்டும்? நாலுக்கும் போனா சாயங்காலம் ஆயிடும்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்" என்றார் சிலிண்டர்காரர்.

"கூப்பிட்டு என்ன சொல்வீங்க? எந்த வீட்டுக்குப் போகச் சொல்வீங்க?"

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு உயிர் போவதற்கும் பிழைப்பதற்கும் நடுவில் நிற்பது அவள் வேண்டாம் என்று சொன்ன ஒரு கட்டம். ஏழு கேள்வி கேட்டால் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று வாய் கிழியப் பேசியது அவள்தான்.

அந்த ஆள் ஏன் போன் பண்ணவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஸ்டிக்கருக்கு மேலேயே கடை நம்பர் பெரிதாக இருக்கிறதே. அதை விட்டுவிட்டு ஒரு மனுஷன் ஏன் கட்டத்தில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்?

பேச முடியாதவன்தான் எழுதுவான்.

அவள் போனை எடுத்து, வந்த அழைப்புகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். பத்து ஐம்பத்தெட்டு. பெயரில்லாத எண். பேசியது முப்பத்தொரு விநாடி.

"ஐயோ" என்றாள் மெதுவாக. "அது காத்து சத்தம் இல்ல. மூச்சு."

பதினாறு வருஷமாக மூச்சு சத்தத்திலேயே வாழ்ந்தவள் அவள். அதைக் கேட்டுவிட்டு, வேலைவெட்டி இல்லாதது என்று திட்டிப் போனை வைத்திருக்கிறாள். அதை அவர் கேட்டிருப்பார். கேட்டுவிட்டுத்தான் ஸ்டிக்கரைப் பார்த்திருக்கிறார்.

அந்த எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஏழாவது மணியில் எடுத்தார்கள். அதே சத்தம், ஆனால் இப்போது மெலிந்து, இடைவெளி விட்டுவிட்டு.

"நான் சிலிண்டர் கடை அக்கா பேசறேன். நீங்க பேச வேண்டாம். போனை வச்சுடாதீங்க. உங்க ஆர்டர் வந்துடுச்சு. கேக்குதா?"

மூச்சு மட்டும். மருமகள் தன் போனிலிருந்து 'முகவரி அனுப்புங்கள்' என்று அந்த எண்ணுக்குச் செய்தி விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. வரிசையில்லாத ஏழெட்டு எழுத்துகள்; எந்தச் சொல்லும் இல்லை.

"விரல் நிக்கலடி அவருக்கு" என்றாள் அக்கா. பிறகு போனில், "ஐயா, எழுத வேண்டாம். போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு மடியில வைங்க. நான் கேக்கறதுக்கு ஆமான்னா, போன்மேல விரலால ஒரு தட்டு தட்டுங்க. இல்லைன்னா சும்மா இருங்க. புரிஞ்சுதா?"

டக்.

சிலிண்டர்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

அக்கா சட்டென்று கேட்க வாயெடுத்தாள், 'பாட்டு வீடா?' என்று. அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெயர்கள் அவளுடையவை. தன் வீட்டுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் அவள் ஒருத்திக்கு மட்டும் விளங்கும் நோட்டை வைத்துக்கொண்டு பெருமை பேசியிருக்கிறாள்.

"உங்க வீட்ல நாய் இருக்கா?"

சத்தமில்லை. இல்லை என்று அர்த்தம். இல்லை என்று மட்டும்தானா அர்த்தம்?

"இருக்கீங்களா ஐயா?"

டக்.

"வீடு மாடியிலயா?"

டக்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஸ்பானரு, நாய் வீட்டை விடு. மீதி மூணுல மாடி எது?" என்றாள். "இரும்புப் படி மாடிக்கா. பாட்டு வீடும் மாடிதான். ரெண்டு மணி தரையில" என்று அடுத்த போனிலிருந்து குரல் வந்தது.

"உங்க படி இரும்புப் படியா ஐயா?"

சத்தமில்லை.

"இருக்கீங்களா?"

சத்தமில்லை. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஐயா, இருக்கீங்களா? இருக்கீங்களா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் எண்ணவில்லை, ஆனால் ஒன்பது பத்துத் தடவை கேட்டிருப்பாள்.

டக்.

"உங்க வீட்ல எப்பவும் ரேடியோ பாடிக்கிட்டே இருக்குமா?"

டக். உடனே இன்னொரு டக்.

"பாட்டு வீடு ஸ்பானரு, பாட்டு வீடு. ஓட்டு." அவன் ஏற்கெனவே வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தான். சிலிண்டர்காரர் அவனிடம் அந்தப் பகுதியையும் வாசலின் அடையாளங்களையும் கேட்டு வாங்கி, தன் இன்னொரு போனில் ஆம்புலன்ஸுக்கு ஒப்பித்தார். எதிரே மருந்துக்கடை, மேலே நீலச் சன்னல், கீழே தையல்காரர்.

அக்காவுக்கு அப்போதுதான் அடுத்த பயம் வந்தது. ரேடியோ பாடவில்லை. அதைப் போடுகிற அம்மாள் எங்கே? எப்போதும் போன் செய்வது அவள்தானே. அவள் போன் ஏன் எடுக்கப்படவில்லை?

"அம்மா வீட்ல இருக்காங்களா ஐயா?"

டக்.

"அவங்களால பேச முடியலையா?"

இந்தத் தட்டு வர நேரமாயிற்று. வந்தது. அதோடு ஒரு விம்மலும் வந்தது. அவரால் எழுந்து போக முடியாது. மூக்கில் மாட்டிய குழாயின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அவருடைய வீடு. குழாயைக் கழற்றிவிட்டுப் போனால் அவளிடம் போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிடுவார். இரண்டு மணி நேரமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

"ஐயா, காலைத் தொங்கப்போட்டு உக்காருங்க. தலையணையைக் கட்டிக்கிட்டு முன்னால சாயுங்க. வாயைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. சிலிண்டர் வந்துக்கிட்டே இருக்கு. காலைல உங்களைத் திட்டினது நான்தான். தெரியாம திட்டிட்டேன். நீங்கன்னு தெரியல." அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சை நிறுத்தினால் அந்தப் பக்கம் ஏதோ நின்றுவிடும் என்று பயம். புழுக்கத்தைப் பற்றிச் சொன்னாள். காலையில் அடுப்பில் முட்டை பாதி கருகியதைச் சொன்னாள். "உங்க வீட்டுக்கு நான் பாட்டு வீடுன்னு பேரு வச்சிருக்கேன். உங்க சம்சாரம் பேசும்போதெல்லாம் நான் பாதி பாட்டைத்தான் கேப்பேன்" என்றாள். நடுநடுவே "இருக்கீங்களா?" என்றாள். தட்டு மெலிந்துகொண்டே வந்தது.

கதவை உடைக்கிற சத்தம் கேட்டது. தடதடவென்று சிலிண்டரை உருட்டுகிற சத்தம். வால்வில் ஸ்பானர் மாட்டும் கிணுக். பிறகு 'புஸ்' என்று காற்று திறக்கும் சத்தம். அந்தச் சத்தத்தை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அன்றைக்குக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா" என்றான் ஸ்பானர் சிறிது நேரம் கழித்து, இரைக்க இரைக்க. "ஐயாவுக்கு மாட்டிட்டேன். நீலமா இருக்காரு, ஆனா மூச்சை நல்லா இழுக்கறாரு. அம்மா சமையல்கட்டுல விழுந்து கெடக்காங்க. மூச்சு இருக்கு. வாய் ஒரு பக்கமா கோணிக்கிச்சு. கண்ணு என்னையே பாக்குது."

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவங்க பக்கத்துல உக்காரு. ஐயாவோட கட்டிலை இழுத்து அம்மா கண்ணுல படற மாதிரி போடு" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். அம்மாளுக்குப் பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். குரலை வைத்து மனதில் வரைந்திருந்த முகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெயரைக் கேட்டு வந்து நோட்டில் எழுதினாள். இரண்டு பேர் பெயரையும்.

அடுத்த வாரம் அக்காவே மருமகளை வரச்சொன்னாள். பழைய தாளை விரித்து, 'மாமா போட்டோ' என்ற மஞ்சள் சீட்டைப் பிய்த்தெடுத்தாள். வரலாறும் போயிற்று.

"அன்னிக்கு நீ கேட்டல்ல, திறக்கறவங்க எப்படி இருப்பாங்கன்னு. பயந்துபோய் இருப்பாங்க. விரல் நிக்காது, கண்ணு கலங்கும், படிக்கப் பொறுமை இருக்காது. எழுத விடாத. தட்டற மாதிரி வை. பெருசா, சின்னதா, ஒரு தட்டு. முள்ளு பச்சையா சிவப்பா, ஒரு தட்டு. போன் நம்பர் இல்லாம போகவே விடக்கூடாது. வீட்டு அடையாளம் முன்னாடியே நாம வாங்கி ஏத்தி வச்சுடணும்."

"அமுக்கினதும் 'வந்துவிட்டது, கிளம்பிவிட்டோம்'னு பெருசா போட்டுடறேன்."

"கிளம்பாம கிளம்பிட்டோம்னு சொல்லாத. வந்துடுச்சுன்னு மட்டும் சொல்லு. மீதியை நான் கூப்பிட்டுச் சொல்றேன்."

பக்கம் தயாரானதும் அக்கா ஒரு சோதனை வைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு ஆர்டர் பண்ணணும்; மூச்சு விடுவதற்குள் முடியவில்லை என்றால் பக்கம் சரியில்லை. முதலில் சிலிண்டர்காரர். கண்ணாடியைத் தேடுவதற்குள் முகம் சிவந்து புஸ்ஸென்று விட்டுவிட்டார். எழுத்தைப் பெரிதாக்கினாள் மருமகள். அடுத்து ஸ்பானர்; பக்கத்தில் இருந்த சிலிண்டர் படம் வந்து நிற்பதற்குள் திணறினான். படத்தைத் தூக்கினாள். கடைசியில் அக்கா. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். மூச்சு முட்ட முட்ட அந்த வியாழக்கிழமை முழுவதும் நெஞ்சுக்குள் ஏறிக்கொண்டது, விரல் தானாக நடுங்கியது. அமுக்கினாள். 'வந்துவிட்டது' என்று எழுத்து வந்தது. மூச்சை விட்டவள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மாதம் ஒன்று ஓடிற்று. ஒரு பிற்பகலில் கணினி மணியடித்தது. புதுப் பக்கத்தில் வந்த முதல் ஆர்டர். அக்கா பயந்துகொண்டேதான் போய்ப் பார்த்தாள். பெரிய சிலிண்டர். முள் பச்சையில். பெயர்க் கட்டத்தில் அவர் தன் பெயரைப் போடவில்லை. 'பாட்டு வீடு' என்று இருந்தது.

அவள் உடனே போனை எடுத்தாள். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஆர்டர் வந்துடுச்சு. ஸ்பானர் மூணு மணிக்கு வருவான். இருக்கீங்களா?"

டக்.

கேட்கலாமா என்று யோசித்தாள். அம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பது மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை. "அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

சத்தமில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போனை எங்கோ நகர்த்தி வைப்பதுபோல ஒரு உரசல் கேட்டது.

பிறகு, மிக மெதுவாக, இடம் தவறி விழுந்ததுபோல, வேறு ஒரு கையின் தட்டு.